காலணாக் கருத்தும் மொட்டைக் கடுதாசியும்

எல்லாத்துக்கும் கருத்துச் சொல்லுற பழக்கம் நம்ம ஜனங்களுக்கு எப்ப வந்துச்சு? அன்னூர் பஸ் ஸ்டாண்டுல யாரைக் கேட்டாலும் "இந்த செல்போன் வந்த பொறவுதானுங்க" என்பார்கள். காலையில் குடித்த டீ, பக்கத்து வீட்டுக் கல்யாணச் சாப்பாடு, நேத்து பார்த்த படம், நிற்காமல் போன பஸ் என்று எதைப் பற்றியும் நாலு வரி எழுதி ஊருக்கே அனுப்புகிற ஆளுக்கு நாம் வைத்திருக்கும் பட்டப்பெயர் கருத்து கந்தசாமி. கந்தசாமி போனோடு கூடப் பிறந்தவர் என்பது பொதுவான நம்பிக்கை.

அவருக்கு வயசு ரொம்ப அதிகம். செல்போன் வருவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பே அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். அப்போது அவர் கையில் இருந்தது தபால் கார்டு. இந்தக் கட்டுரை அந்தக் கார்டைப் பற்றியது. அதை வைத்து ஒரு கேள்வியும் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஒரு சாதாரண ஆள் சொல்லும் அபிப்பிராயத்துக்குக் கீழே அவர் பேரும் ஊரும் இருந்தால் என்ன ஆகிறது, இல்லாமல் போனால் என்ன ஆகிறது? கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இதை யோசிப்பதற்கு 2023-ல் ஒரு வலுவான காரணம் கிடைத்தது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

ஒரு ரூபாய்க்கு 64

முதலில் விலை. 1854-ம் வருஷத்து அஞ்சல் சட்டம் வந்தபோது, தூரத்துக்குத் தகுந்தபடி கட்டணம் வாங்குகிற பழைய முறை போனது. கால் தோலா எடைக்குள் இருக்கிற கடிதம் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் அரையணா என்று ஆனது. 1869-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் உலகத்தின் முதல் அஞ்சலட்டை வெளியானது. பத்தே வருஷத்தில், 1879 ஜூலை 1-ம் தேதி, அது இந்தியாவுக்கும் வந்துவிட்டது. விலை காலணா. ரூபாய்க்கு 16 அணா, அப்படியானால் ஒரு ரூபாய்க்கு 64 கார்டு. தாள், தபால்தலை எல்லாம் அந்தக் காலணாவுக்குள் அடக்கம்.

அதற்கு முன்னால் கடிதம் எழுத ஒரு காரணம் வேண்டும். சொத்து விவகாரம், கல்யாணம், சாவு, வியாபாரம். காலணா ஆனபிறகு சும்மாவும் எழுதலாம் என்று ஆயிற்று. வந்து சேர்ந்தேன், மழை பெய்தது, எருமை கன்று போட்டது, மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடு சுமார். இன்றைக்கு நாம் 'ஸ்டேட்டஸ்' என்று சொல்கிற சமாச்சாரமெல்லாம் கார்டில் போக ஆரம்பித்தது இப்படித்தான்.

கார்டில் இடம் கொஞ்சம். நுணுக்கி நுணுக்கி ஓரம் வரை எழுதுகிறவர்கள் இருந்தாலும், பெரும்பாலானோர் சுருக்கமாக எழுதப் பழகிக்கொண்டார்கள். இந்தச் சுருக்கம் நம் போன் வரைக்கும் வந்திருக்கிறது. 1980-களில் ஃப்ரீடெல்ம் ஹில்லெபிரான்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர், செல்போனில் அனுப்பும் குறுஞ்செய்திக்கு எத்தனை எழுத்து போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 160 போதும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்கு ஆதாரமாக அவருடைய குழு பார்த்தவற்றில் ஒன்று, ஜனங்கள் எழுதுகிற தபால் கார்டுகள். நிறையக் கார்டுகளில் 150 எழுத்துகூட இருக்கவில்லையாம். எஸ்எம்எஸ் அளவு 160 என்று நின்றது. 2006-ல் வந்த ட்விட்டர், எஸ்எம்எஸ்ஸுக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே 140 எழுத்து என்று வைத்துக்கொண்டது. ட்விட்டர் சண்டைக்குப் பூட்டன் யாரென்று தேடினால் தபால் கார்டில் போய் நிற்கலாம்.

எல்லாரும் படிக்கிற கடிதம்

கார்டுக்கு உறை கிடையாது. ரயில்வே மெயில் சர்வீஸில் பிரிக்கிறவர் படிக்கலாம், சப்-போஸ்டாபீஸில் முத்திரை குத்துகிறவர் படிக்கலாம், தபால்காரர் படிக்கலாம். கார்டு வந்த புதிதில் பல நாடுகளில் கௌரவம் பார்க்கிறவர்களுக்கு இதுதான் பெரிய மனக்குறை. வேலைக்காரர்கள் எல்லாம் நம் விஷயத்தைப் படித்துவிடுவார்களே என்று.

நம் ஊர்களில் விஷயமே வேறு. இங்கே தபால்காரர் படிப்பது ஒரு தொல்லையாக இருக்கவில்லை, பல வீடுகளில் அவர்தான் படித்தே காட்ட வேண்டும். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ஆறு பேரில் ஒருவருக்குத்தான் படிக்கத் தெரியும். ஆகவே காயிதம் வந்தால் (எங்கள் பக்கம் கடிதத்துக்குக் காயிதம் என்றுதான் பேர்) திண்ணையில் உட்கார்ந்து தபால்காரரோ, பள்ளிக்கூடம் போகிற பையனோ சத்தமாகப் படிப்பார்கள். வீட்டுக்கு வந்த செய்தி அரை மணி நேரத்தில் வளவு முழுக்கத் தெரிந்துவிடும். பதில் எழுதுவதும் அப்படித்தான். ஆத்தா சொல்லச் சொல்லப் பேரன் எழுதுவான். நடுவில் சித்தப்பா புகுந்து, "மோட்டார் ரிப்பேரையும் சேர்த்து எழுதுடா" என்பார்.

படிக்காதவருக்கும் பார்த்ததும் புரிகிற மாதிரி கார்டுக்கு ஓர் அடையாள மொழியும் உருவானது. நாலு மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல காரியம். ஓரம் கறுப்பாக இருந்தால் கருமாதி. அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். மற்றக் காயிதங்களெல்லாம் சுவரில் தொங்கும் ஒரு கம்பியில் குத்தப்பட்டு வரிசையாக ஏறும். பழைய வீடுகளில் அந்தக் கம்பிதான் ஆவணக் காப்பகம். அடியில் இருப்பது முப்பது வருஷம் முன்னால் வந்தது, மேலே இருப்பது போன வாரம் வந்தது.

இந்தத் திறந்த வெளித்தன்மையை நான் முக்கியமாக நினைக்கிறேன். கார்டில் எழுதுகிறவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். இதைத் தபால்காரர் படிப்பார், வழியில் நாலு பேர் படிப்பார்கள். அப்படியானால் தபால்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூசுகிற வார்த்தையைக் கார்டில் எழுத முடியாது. திட்ட வேண்டும் என்றால்கூட, நாலு பேர் கேட்டால் நியாயம் என்று சொல்கிற மாதிரி திட்ட வேண்டும்.

பேருக்கு முன்னால் ஊர்

வீட்டுக்கும் வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்த கார்டு, பத்திரிகை ஆபீசுக்குப் போக ஆரம்பித்தது அடுத்த கட்டம். 'சுதேசமித்திரன்' 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி 1899-ல் நாளிதழானது. பக்கத்தில் ஈரோட்டில் 1925-ல் பெரியாரின் 'குடி அரசு' வந்தது. 'ஆனந்த விகடன்' 1926, 'கல்கி' 1941, 'தினத்தந்தி' 1942, 'குமுதம்' 1947. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு அபிப்பிராயம் சொல்வது ஒரு தினசரிச் சடங்கானது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அதைக் கார்டில் எழுதிப் போடுகிறவராக இருப்பார். ஊருக்கு ஓர் ஆள் அப்படி உண்டு. ஆசிரியருக்குக் கடிதம், கேள்வி-பதில், துணுக்கு, ஜோக், குறுக்கெழுத்து என்று எதையும் விடமாட்டார்.

வாசகர் கடிதம் எழுத்தாளரையும் ஆட்டி வைத்திருக்கிறது. கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடரை 1950-ல் ஆரம்பித்து 1954-ல் முடித்தபோது, கதை சட்டென்று முடிந்துவிட்டது, அந்தப் பாத்திரம் என்ன ஆனது, இந்தப் பாத்திரம் என்ன ஆனது என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதி அதற்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அந்த முடிவுரை இன்றைக்கும் புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. பேர் தெரியாத வாசகர்கள் போட்ட கார்டுகளும் அந்த நாவலில் கொஞ்சம் கலந்திருக்கின்றன என்று நான் சொல்வேன்.

இப்படி அச்சாகிற கடிதங்களில் ஒரு வழக்கம் கெட்டியாக நின்றது. எழுதியவர் பேரோடு ஊர்ப் பேரும் வரும். சென்னைக்காரர்களுக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாத புளியம்பட்டி, கருவலூர், சேவூர், அன்னூர் எல்லாம் அச்சில் வந்தது வாசகர் கடிதத்தின் அடியில்தான். தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு ஊர்ப் பேரே இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவருடைய கருத்து சரியோ தப்போ, அடுத்த நாள் காலையில் அதே ஊர் டீக்கடையில் அவர் உட்கார்ந்தாக வேண்டும். "என்னுங்க, இப்படி எழுதிப்போட்டீங்க?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

ஊருக்கு இலக்கத்தில் ஓர் அடையாளம் வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அஞ்சல் குறியீட்டு எண். அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞரும்கூட. அன்னூருக்கு 641653. முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்வட்டாரம், 641 கோயம்புத்தூர்ப் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்றும் நம்ம போஸ்டாபீஸ். பக்கத்து அவிநாசிக்கு 641654. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானபோது அவிநாசி அந்தப் பக்கம் போய்விட்டது, ஆனால் தபால் கணக்கில் இரண்டு ஊரும் இன்னும் பக்கத்து வீடுதான்.

கொழும்புக்குப் போன கார்டு

ஒரு சர்க்கார் ஜனங்களின் ரசனையைத் திருத்தப் போனதால் கார்டுக்கு யோகம் அடித்த கதையும் உண்டு. 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரி ஆனார். சினிமாப் பாட்டு தரக்குறைவு என்பது அவருடைய உறுதியான எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக மறைந்துபோனது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலி காத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்காக நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலைக் கருவிகள் அவர்கள் கையில் இருந்தன. ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்பில் வைத்தார்கள். இந்தியில் அமீன் சயானி 1952 டிசம்பரில் பினாகா கீத்மாலாவைத் தொடங்கியபோது, முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்து குவிந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். தமிழில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் கொங்கு நாட்டுத் தறிக்குடோன்களிலும் களத்துமேட்டிலும் வீட்டு ஆள் மாதிரி உலவின. நேயர் விருப்பத்துக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு வாரக்கணக்கில் ரேடியோ பக்கத்திலேயே காது வைத்திருப்பார்கள். பாட்டு எப்படியும் வரும். கேட்கக் காத்திருந்தது பாட்டுக்கு முன்னால் படிக்கிற பேர்ப் பட்டியலை. நம்ம பேரும் நம்ம ஊரும் கொழும்பிலிருந்து கேட்குமா?

டெல்லி ஒருவழியாக இறங்கி வந்து 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியது. கோயம்புத்தூருக்குச் சொந்த வானொலி நிலையம் 1966-ல் வந்தது. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் ரேடியோ வைத்துக்கொள்ளவே போஸ்டாபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டும். பாட்டுக் கேட்க ஒரு கட்டணம், கேட்டதைப் பற்றி எழுத ஒரு கட்டணம், இரண்டும் ஒரே ஜன்னலில்.

விவித் பாரதி கேட்டவர்களுக்கு ஜும்ரி தலையா ஞாபகம் இருக்கலாம். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஒரு சின்ன மைக்கா சுரங்க ஊர். அங்கிருந்து விருப்பப் பாடல் கேட்டு வந்த கார்டுகளின் எண்ணிக்கையால் அந்த ஊர்ப் பேர் இந்தியா முழுக்கப் பிரபலமானது. அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்கள்கூட உண்டு. தபால் கார்டைத் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லாமல் தேசம் முழுக்கப் பிரபலமான ஊர் அது.

இதன் உச்சம் 1990-களில் தூர்தர்ஷன் காலத்தில் வந்தது. 'சுரபி' நிகழ்ச்சியின் வாராந்திரக் கேள்விக்கு ஒரே வாரத்தில் 14 லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் வந்தன. மானிய விலைக் கார்டு இப்படிப் போட்டிக்குப் பயன்படுவது கட்டுப்படியாகாமல், அஞ்சல் துறை போட்டிக்கென்றே 2 ரூபாய்க்குத் தனி அஞ்சலட்டை கொண்டுவந்தது. பின்னால் அது 10 ரூபாயானது. சாதாரணக் கார்டு மட்டும் இருபது வருஷத்துக்கு மேலாக 50 பைசாவிலேயே நின்றது.

இத்தனை லட்சம் பேருக்கு இதனால் என்ன கிடைத்தது? பெரும்பாலானோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எப்போதோ ஒரு தடவை பேர் படிப்பார்கள், அவ்வளவுதான். லைக்குக்கு ஏங்குகிறது இந்தத் தலைமுறை என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒரு தடவை பேர் வாசிக்க வேண்டும் என்பதற்காக வருஷம் முழுக்கக் கார்டு போட்ட தலைமுறை அது. ஆசை அதேதான். ஆனால் அவர்கள் எழுதியதற்கும் அது காற்றில் வருவதற்கும் நடுவில் சில வாரங்கள் இருந்தன. கோபத்தில் ஒரு கார்டு எழுதினால், அதை எடுத்துக்கொண்டு தபால்பெட்டி வரை நடப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பாதியை ஆசிரியர் கத்தரித்துவிடுவார்.

மொட்டை

இவ்வளவு சொல்லிவிட்டு, கார்டுக் காலம் சத்திய காலம் என்று முடித்தால் அது பொய்யாகிவிடும். கார்டுக்கும் இருட்டான பக்கம் உண்டு, அதற்குத் தமிழில் அழகான பேரும் உண்டு. மொட்டைக் கடுதாசி.

கையெழுத்து இல்லாத கடிதத்துக்கு மொட்டை என்று பேர் வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர். தலை இல்லாத முண்டம் என்று சொல்லவில்லை. மொட்டை மாடு, மொட்டை மரம் என்கிற மாதிரி, இருக்க வேண்டியது இல்லாமல் கிடப்பது. நடந்துகொண்டிருக்கும் கல்யாணப் பேச்சைக் கலைக்க ஒரு மொட்டைக் கடுதாசி. வாத்தியாரை மாற்றல் செய்ய ஒன்று. பங்காளி மேல் வரி ஆபீசுக்கு ஒன்று. எழுதியவர் யாரென்று வாங்கியவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் நிரூபிக்க முடியாது. அரசு அலுவலகங்களில் இந்தத் தொல்லை எந்த அளவுக்குப் போனதென்றால், 1999 ஜூனில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், பேரில்லாத, பொய்ப்பேர் போட்ட புகார்கள் மேல் நடவடிக்கையே எடுக்க வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது.

இன்னொரு வகை சங்கிலிக் கார்டு. சாமி பேரைச் சொல்லி, இதைப் போலவே இத்தனை கார்டு எழுதிப் போட்டால் புதையல் கிடைக்கும், கிழித்துப் போட்டவன் ரத்தம் கக்கினான் என்று வரும். வாட்ஸப்பில் பதினொரு குரூப்புக்கு அனுப்பச் சொல்லி வருகிற செய்தியை முதன்முதலில் பார்த்த எங்கள் அப்பாரு, "இது அந்தப் பழைய கார்டேதான் கண்ணு, இப்ப கை வலிக்காது, அவ்வளவுதான்" என்றார். அந்தக் கை வலி சாதாரணமானதா என்ன? இருபது கார்டு கையால் எழுத வேண்டும், காசு போட்டு வாங்க வேண்டும். நாலாவது கார்டிலேயே பக்தி குறைந்து, புத்தி வேலை செய்ய ஆரம்பிக்கும்.

அதே சமயம் மொட்டைக் கடுதாசி எல்லாமே கோழைத்தனம் என்றும் சொல்ல மாட்டேன். விலாசம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்ததில்லை. நம்ம கிராமங்களில் தெருப் பேரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். ஊருக்குள் ஒரு தெரு, ஊருக்கு வெளியே காலனி. காலனிக்காரர் பேரும் விலாசமும் போட்டுப் பண்ணையார் மேல் புகார் எழுதினால், அடுத்த நாள் யாருடைய தோட்டத்துக்கு வேலைக்குப் போவார்? ஒரு மருமகள் தன் பேரில் மாமியார் வீட்டு நிலவரத்தை எந்தப் பத்திரிகைக்கு எழுத முடியும்? கடிதம் போகும் முன்பே தபால் பெட்டிக்குப் போன செய்தி வீட்டுக்கு வந்துவிடும். அவர்களுக்கு மொட்டைதான் பாதுகாப்பு. கூடவே, எதை அச்சேற்றுவது என்று தீர்மானித்த ஆசிரியர் மேசைகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் ஊரறிந்தது. இணையம் வந்தபிறகு ஆசிரியரிடம் கேட்காமல், தெருப் பேரைச் சொல்லாமல், முதல்முறையாகத் தன் அன்றாடத்தைப் பற்றி வாயைத் திறந்தவர்கள் ஏராளம். அதைக் குறை சொல்லும் யோக்கியதை பழைய கார்டுக்கு இல்லை.

ஆக, பேரில்லாமல் பேசுவதில் இரண்டு ரகம். ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேரை மறைக்கிறார், ஆனால் தான் பட்டதைச் சொல்கிறார். இன்னொருவர் தான் பார்க்காததை, யார் சொன்னது என்றே தெரியாததை, அப்படியே தள்ளிவிடுகிறார். பழைய மொட்டைக் கடுதாசியிலாவது எழுதியவர் கையெழுத்தாவது இருக்கும், மிஞ்சினால் எந்த ஊர் முத்திரை என்று பார்க்கலாம். இந்த இரண்டாவது ரகத்துக்கு அதுவும் கிடையாது.

முத்திரை இல்லாத செய்தி

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் செய்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் சேர்ந்து அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். அந்தச் செய்தியை அனுப்பிய நூற்றுக்கணக்கான பேரில் ஒருத்தருக்கும் அதை முதலில் எழுதியது யார் என்று தெரியாது. நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்த பிறகு, அந்த ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ள முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. யோசித்துப் பார்த்தால், அந்தக் கம்பெனி செய்தது பழைய கை வலியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்ததுதான்.

நான் முதலில் சொன்ன 2023 இனிமேல் வருகிறது. மார்ச் மாதத் தொடக்கம். தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் இந்தியில் பரவின. பீகார் சட்டசபையில் அமளி. நம்ம முதல்வர் பீகார் முதல்வரோடு பேச வேண்டி வந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு கிளம்பித் திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்தது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி விளக்கினார். சுற்றிக்கொண்டிருந்த இரண்டு வீடியோக்களில் ஒன்று வடமாநிலத் தொழிலாளர்களுக்குள்ளேயே திருப்பூரில் நடந்த தகராறு, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. தமிழர்-வடமாநிலத்தவர் மோதல் என்பது இரண்டிலுமே இல்லை.

அன்னூரிலிருந்து திருப்பூர் வரைக்கும் இந்த வட்டாரம் முழுக்க ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி, பவுண்டரி எதுவாக இருந்தாலும் அந்தத் தொழிலாளர்கள் இல்லாமல் ஒரு ஷிப்ட் ஓடாது. ஹோலி பண்டிகைக்கு எப்போதும் ஊருக்குப் போகிறவர்கள்தான். அந்த வருஷம் பயத்தோடு போனவர்களும் அவர்களில் கலந்திருந்தார்கள். பீகாரில் ஓர் அம்மா போனில் அந்த வீடியோவைப் பார்த்து, திருப்பூரில் இருக்கிற மகனை உடனே கிளம்பி வரச் சொல்லி அழுதிருப்பாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? அவள் கைக்கு வந்த செய்தியில் ஊரும் இல்லை, தேதியும் இல்லை, சொன்னவர் பேரும் இல்லை. ஒரு காலணாக் கார்டில் இந்த மூன்றும் இருக்கும். எழுதியவர் மறந்தாலும் போஸ்டாபீஸ் முத்திரை ஊரையும் தேதியையும் போட்டுவிடும்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று உண்டு. தபால் கார்டு திறந்தது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் யார் எழுதியது என்று தெரியும். வாட்ஸப் பூட்டியது, நடுவில் யாரும் படிக்க முடியாது, ஆனால் உள்ளே வருகிற செய்தியை யார் எழுதியது என்று தெரியாது. அந்தரங்கத்தைக் காப்பதற்குப் போட்ட பூட்டு நல்ல பூட்டுத்தான், வீட்டுப் பேச்சுக்கு அது வேண்டும். ஆனால் ஊர்ப் பேச்சையும் நாம் அந்தப் பூட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டோம். தபால்காரர் படிப்பாரே என்ற கூச்சம் போய்விட்டது.

நம்ம கையில் இருப்பது

கார்டுக்குத் திரும்பிப் போக முடியாது, போகவும் வேண்டாம். கொழும்பிலிருந்து பேர் கேட்க மூணு வாரம் காத்திருக்க எனக்கும் பொறுமை கிடையாது. கந்தசாமி டீயைப் பற்றியும் படத்தைப் பற்றியும் எழுதட்டும். "இன்னிக்கு அந்தக் கடையில பஜ்ஜி ஊசிப்போச்சு" என்பது அவர் தின்று பார்த்துச் சொன்ன கருத்து. அவருக்குக் கீழே ஒருவர் "எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்று எழுதுவார். இரண்டு பேரும் ஊரில் இருக்கிறார்கள், பஜ்ஜியும் ஊரில் இருக்கிறது. போய்ப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். இந்த மாதிரி அன்றாட அரட்டையால் எந்த ஊரும் கெட்டுப்போனதில்லை.

கெடுப்பது இன்னொருவர் தலையை உருட்டுகிற மொட்டைச் செய்தி. அதற்கு என் அளவில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கார்டு எழுதுகிறவர்கள் வலது மேல் மூலையில் முதலில் ஊரும் தேதியும் போடுவார்கள், அதற்குப் பிறகுதான் "நலம், நலமறிய ஆவல்" எல்லாம். யாராவது ஒரு வீடியோவையோ செய்தியையோ அனுப்பினால், அந்த மூலையில் என்ன எழுதலாம் என்று பார்க்கிறேன். எந்த ஊர்? எந்தத் தேதி? பார்த்தவர் யார்? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால் அது என்னோடு நின்றுவிடுகிறது. பதில் இருந்து, அனுப்பத் தோன்றினால், எனக்கு இது யார் மூலம் தெரியும் என்று என் வார்த்தையில் ஒரு வரி எழுதி, கீழே என் பேரைப் போட்டு அனுப்புகிறேன். அந்த ஒரு வரி எழுதும் நேரத்தில் பாதிச் செய்தி அனுப்பத் தகுதியில்லாமல் போய்விடுகிறது. குடும்பக் குரூப்பில் இதற்காக எனக்குப் போஸ்ட்மாஸ்டர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய வீட்டு அட்டாலியிலோ இரும்புப் பெட்டியிலோ அந்தக் கம்பி கிடைத்தால், பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ராஜா கதையும் கல்வெட்டும் படியெடுக்க ஆள் இருக்கிறார்கள். 1958-ல் பருத்தி என்ன விலைக்குப் போனது, மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேர் வந்தார்கள், எந்த மாதம் கிணறு வற்றியது என்பதெல்லாம் அந்தக் கார்டுகளில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். முத்திரை விழுந்த பக்கத்தை விட்டுவிட வேண்டாம். ஊரும் தேதியும் அதில்தான் இருக்கும்.